பட்டியலுக்கு வெளியே உள்ள ஃபேன்டஸி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கும் நலமே.

எந்த ஃபேன்டஸி நாவலை எடுத்தாலும் ஏற்கெனவே படித்ததுபோல் இருக்கிறது, யாரைக் கேட்டாலும் அதே பத்துப் பெயர்தான் வருகிறது என்று எழுதியிருந்தாய். வராமல் என்ன செய்யும்? நிறையப் பேர் படித்ததைத்தான் நிறையப் பேர் சிபாரிசு செய்ய முடியும். அதிலும் நீண்ட தொடர்களுக்கு ஒவ்வொரு பாகம் வரும்போதும் பேச்சு கிளம்பும். ஒரே புத்தகத்தோடு முடிந்துவிடும் தனி நாவலுக்கு அப்படிப் பேச ஆள் இல்லை.

முதல் காரியமாக 1954-க்கு முன்னால் போ. அந்த ஆண்டில்தான் டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவல் வெளிவரத் தொடங்கியது. உனக்கு அலுத்துப்போன வரைபடம், நெடும்பயணம், இருளின் அரசன் எல்லாம் அதற்குப் பிறகுதான் வாய்ப்பாடாக இறுகின. ஹோப் மிர்லீஸ் 1926-ல் எழுதிய 'லட்-இன்-தி-மிஸ்ட்' நாவலில் கதாநாயகன் ஒரு நடுவயது மேயர். பக்கத்து மாயநாட்டிலிருந்து அவருடைய வணிக நகரத்துக்குள் பழம் கடத்திவருகிறார்கள், தின்றவர்கள் நிலைகுலைந்துபோகிறார்கள். அந்தப் பழத்தின் பெயரை வாயால் சொல்வதே அசிங்கம். அதனால் சட்டத்தின் கண்ணில் அது நெய்த பட்டு! இந்த ஒரு விவரத்திலேயே அந்த ஊரின் மனசு முழுக்கத் தெரிந்துவிடும்.

அடுத்து நைஜீரியாவின் ஆமோஸ் டுட்டுவோலா. 'தி பாம்-வைன் டிரிங்கார்ட்', 1952. கள் குடிப்பதையே தொழிலாகக் கொண்டவன், மரத்திலிருந்து விழுந்து செத்த தன் கள்ளிறக்கியைத் தேடிச் செத்தவர்களின் ஊருக்குப் புறப்படுகிறான். அதில் சந்தைக்கு வரும் பேரழகன் ஒருவன் இருக்கிறான். ஒரு பெண் அவன் பின்னாலேயே போகிறாள். வழியில் அவன் இடது பாதத்தைக் கழற்றி, உரியவரிடம் ஒப்படைத்து, வாடகை கொடுக்கிறான். பிறகு வலது பாதம், வயிறு, நெஞ்சு, கைகள் என்று ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் மிஞ்சுவது வெறும் மண்டையோடு. இலக்கணம் பிசகிய ஆங்கிலம் என்று நினைத்துப் பலர் தொடக்கத்திலேயே மூடிவைத்துவிடுகிறார்கள். நைஜீரியாவின் யோருபா இனத்துக் கதைசொல்லியின் பேச்சு அது. வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.

மெர்வின் பீக்கின் 'டைட்டஸ் குரோன்' (1946) இப்போதைக்கு வேண்டாம். மந்திரம் கிடையாது. தலைப்பில் இருப்பவன் நாவலின் தொடக்கத்தில் பிறக்கிறான். முடியும்போதும் அவனுக்கு இரண்டு வயது ஆகியிருக்காது. கதை எப்போது நகரும் என்று காத்திருந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். கதை நடக்கும் கோட்டையையும் அதன் சடங்குகளையும் பார்ப்பதற்காகவே, ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்று படிக்க வேண்டிய நூல் அது. ஐம்பது பக்கம் பார்த்துவிட்டு முடிவு செய்யும் உன் வழக்கம் இதற்குச் சரிவராது.

மொழிபெயர்ப்பு வேண்டுமானால் உருதின் 'திலிஸ்மே ஹோஷ்ருபா' இருக்கிறது. 1883 முதல் லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் பாகம் பாகமாக வெளியிட்ட பெருங்கதை. முஷர்ரஃப் அலி ஃபாரூக்கியின் ஆங்கிலத்தில் முதல் பாகம் மட்டும் போதும். மந்திரவாதிகளைத் தந்திரத்தால் கவிழ்க்கும் அய்யார்கள் என்ற ஒற்றர்கள்தான் அதன் உயிர்.

இனி நீயாகத் தேடுவதற்கு ஒரு வழி. வேர்ல்டு ஃபேன்டஸி விருது 1975-லிருந்து கொடுக்கப்படுகிறது. நாவலுக்கான முதல் விருதைப் பெற்ற பட்ரீசியா மக்கிலிப்பின் 'தி ஃபர்காட்டன் பீஸ்ட்ஸ் ஆஃப் எல்ட்' இன்றும் புதிதாக இருக்கிறது. ஆனால் வென்றவற்றோடு நிற்காதே. இறுதிப் பட்டியல் வரை வந்து தோற்றவற்றைப் பார். அவற்றில் தொடரின் நடுப்பாகங்களைக் கழித்துவிடு, தனி நாவல்களை எடு. பலருடைய சிறுகதைகளைச் சேர்த்த தொகை நூலுக்கும் அங்கே தனிப் பரிசு உண்டு. ஒரு தொகை நூலில் பத்துப் பன்னிரண்டு எழுத்தாளர்களின் நடையை ருசி பார்த்துவிடலாம். பிடித்தவரின் நாவலைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

மிர்லீஸிலிருந்து தொடங்கு. முதல் சில அத்தியாயங்கள் ஊர் வர்ணனையாகவே போகும், தாண்டிப் போய்விடாதே. பழம் மேயரின் வீட்டுக்குள் நுழைந்த இடம் வந்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
ரவி