அக்காவுக்கு: ஸ்டுடியோவை நான் எடுத்துக்கிட்டேன்

அக்கா,

நமக்கு மண்பாண்ட வேலை சொல்லிக் குடுத்த டீச்சர் இறந்து ஒரு வருஷம் ஆயிடுச்சு. யூத காலண்டர்படி நாள் பார்த்து, 24 மணி நேரம் எரியுற மெழுகுவர்த்தியை அவங்க மகன் ஏத்தினார். நானும் போயிருந்தேன். அங்கதான் சொன்னேன், லண்டன் கோல்டர்ஸ் கிரீன்ல இருக்கற அவங்க மண்பாண்ட ஸ்டுடியோவை இனிமே நான் பார்த்துக்கறேன்னு. வேற யார் வழியாவும் உன் காதுக்கு வர வேண்டாம்னுதான் இதை எழுதறேன். பெரியம்மாவும் படிப்பாங்க, அதனால பண விஷயத்துக்குள்ள போகல.

அந்த கை கழுவுற கப் இன்னும் மனசை விட்டுப் போகல. காலைல முழுக்க உட்கார்ந்து நீ இழுத்து ஒட்டின ரெண்டு கைப்பிடி, 1260 டிகிரில வெந்து வந்த அந்த சாம்பல் பச்சை கிளேஸ் பூச்சு, எல்லாம் அவ்ளோ அழகு, ஆனா விளிம்புல அரிசி அளவுக்கு ஒரு சில்லு. லேசா தேய்ச்சு விட்டா தெரியாதுன்னு நீ சொன்ன. அவங்க பதிலே பேசல, கண்ணை மூடிக்கிட்டு விளிம்பை விரலால ஒரு சுத்து தடவிப் பார்த்தாங்க, அப்புறம் சுத்தியல எடுத்து ஒரே தட்டு. நீ ஏப்ரனைக் கழட்டி வீசிட்டுப் போயிட்ட.

உன் பின்னாடி நான் ஓடி வரல. மன்னிச்சுக்கோ. ஆனா அவங்க பண்ணது தப்புன்னு இன்னைக்கும் என் வாயில வராது. ரொட்டியைத் தொடறதுக்கு முன்னாடி யூதர்கள் அந்தக் கப்புல தண்ணி மொண்டு ஒவ்வொரு கையா ஊத்தி ஜெபம் சொல்றாங்க, விளிம்பு உடைஞ்ச பாத்திரம் அதுக்கு ஆகாது, வாங்கிட்டுப் போறவங்க நம்மளை நம்பித்தானே போறாங்க? அவங்க வாசல் நிலையில பதிக்கற மெசூசாவும் அப்படித்தான். உள்ள வைக்கற தோல் சுருளை அதுக்குன்னு இருக்கறவர் கையால எழுதுவார், நாம செய்யறது வெறும் கூடுதான், ஆனாலும் சுருள் கிழியக் கூடாதுன்னு யாருமே பார்க்காத அந்த உள்பக்கத்தை எத்தனை தடவை டீச்சர் ஸ்பாஞ்சால வழிக்க வெச்சாங்க! உனக்குத்தான் அது ரொம்ப நல்லா வரும், உன் கை எனக்கு இன்னும் வரல.

அப்படிப்பட்ட கையை வெச்சுக்கிட்டு ஊர்ல போய் என்னைப் பத்தி என்ன சொன்ன? "அவ வேற மதத்துக்காரங்களுக்கு சாமி சாமான் பண்றா"ன்னு. தாத்தா சாப்பிடறதுக்கு முன்னாடி இலையைச் சுத்தி தண்ணி விட்டு ஏதோ முணுமுணுப்பாரே, பக்கத்துல உட்கார்ந்து பார்த்தவதானே நீ? எனக்கு நிஜமாவே வலிச்சுது.

யோம் கிப்பூர்ங்கற யூதர்களோட நோன்பு நாள் ராத்திரி, சினகாக்ல, அதாவது அவங்க கோயில்ல, பாடற பாட்டு ஒண்ணு இருக்கு, கடவுளே, குயவன் கையில களிமண் மாதிரி நாங்க உன் கையில, நீ நினைச்சா விரிப்ப, நினைச்சா சுருக்குவன்னு வரும். அதைப் பாடிட்டு வந்த மறுவாரம் டீச்சர் உன்னைப் பத்தி விசாரிச்சாங்க. என்ன கேட்டாங்கன்னு நேர்ல சொல்றேன், இங்க வேண்டாம்.

அடுத்த தடவை சூளை போடும்போது முழுக்க கப்புதான் வெக்கப் போறேன். உன் கிளேஸ் நோட்டு என்கிட்ட பத்திரமா இருக்கு. வேணும்னா நீயே வந்து வாங்கிக்கோ, கூரியர்ல அனுப்ப மாட்டேன்.