டீப்பாட் பெரியவள் கையில் இருக்கட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். அம்மாவுக்கு முட்டிவலி போன மாதத்துக்கு இப்போது தேவலை. கரடி மறுபடி வந்து பின்பக்கக் கொய்யாவை ஒடித்துப் போட்டுவிட்டது. பச்சைத் தேயிலை விலையைப் பற்றி எழுதினால் தாளுக்குத்தான் நஷ்டம்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று படத்தையும் பார்த்தேன். ஹாஃப் டெர்ம் லீவில் பிள்ளைகளை ஆஃப்டர்நூன் டீக்குக் கூட்டிப்போகிறேன், எது நல்லாயிருக்கும் சொல்லுங்கப்பா என்று கீழே ஒரு வரி. மூன்று ஞாயிறு ஃபோன் இல்லாமல் இருந்துவிட்டு வந்த வரி. குறையாகச் சொல்லவில்லை. நைட் டியூட்டி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? பெரியவள் நன்றாக இருக்கிறாளா?

ஃபோனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பையன் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். அவன் படித்துவிடுவான் என்று பயப்படாதே, இங்கிலீஷ் மீடியம், தமிழில் பஸ் போர்டைத் தாண்டமாட்டான்.

முதலில் லண்டன் ரிட்ஸ் ஓட்டல். வேண்டாம். 1906ல் கட்டியது, தங்கப்பூச்சு, பியானோ எல்லாம் சரிதான். தலைக்கு 70 பவுண்டுக்கு மேல் வாங்குகிறான், அதுகூடப் போகட்டும். ஜீன்ஸும் ஓடுகிற ஷூவும் போட்டால் உள்ளே விடமாட்டான். சின்னவனுக்கு அந்த இரண்டையும் விட்டால் வேறு என்ன இருக்கிறது? புறப்படும்போதே உடுப்புக்காகச் சண்டை வரும். அப்புறம் லீட்ஸிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரயில். எதிரெதிரே உட்கார்ந்து மூன்று பேரும் மூன்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போவதற்கா?

இரண்டாவது, அந்தக் கிராமத்துப் பங்களா ஓட்டல். படம் அழகுதான். ஆனால் தேயிலைத் தோட்டத்துப் பங்களா டீ நமக்குத் தெரியும். உன் அப்பாயி பின்வாசல் வரைக்கும் போனவள்.

யார்க்குக்கே போ. மூன்றாவது படம், பெட்டீஸ் டீக்கடை. ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. 2018ல் நாங்கள் வந்தபோது நீ கூட்டிப்போனாயே, காற்றில் வரிசையில் நின்று அம்மா சால்வையைக் காதோடு சுற்றிக்கொண்டாளே, அதே கடை. இந்தத் தடவை வரிசை வேண்டாம். மாடியில் பெல்மாண்ட் ரூம் இருக்கிறது, முன்னாலேயே பதிவு செய்துகொள்ளலாம். அந்தக் கடையை ஆரம்பித்தவர் ஸ்விட்சர்லாந்துக்காரர். இங்கிலீஷ் தெரியாமல் வந்து, போகவேண்டிய ஊரின் விலாசத்தைத் தொலைத்து, பிராட்ஃபோர்டில் இறங்கி நின்றாராம். பிறகு பெயரையே பெல்மாண்ட் என்று மாற்றிக்கொண்டு 1919ல் ஹாரோகேட்டில் முதல் கடை போட்டார். சிலோனிலிருந்து வந்து இறங்கிய மண்டபம் முகாமில் என் பெயரை எழுதியவன் மாற்றினான், இவர் தானே மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான் வித்தியாசம். 1936ல் குவீன் மேரி கப்பலின் முதல் பயணத்தில் போய்வந்து, அந்தக் கப்பல் மாதிரியே யார்க் கடையை உள்ளே இழைத்துக் கட்டச் சொன்னாராம். சின்னவனைக் கீழே கூட்டிப்போய் அந்தக் கண்ணாடியைக் காட்டு. யுத்த காலத்தில் விமானப்படைப் பையன்கள் வைரமுனையால் பெயரைக் கீறிவிட்டுப் போன கண்ணாடி. நானும் பெரியவளும் அதன்முன் நெடுநேரம் நின்றோம். அவளுக்கு அப்போது எட்டு வயது. ஒவ்வொரு பெயராக எனக்குப் படித்துச் சொன்னாள்.

சாப்பாட்டு விஷயம். அவள் கறி மீனை விட்டுவிட்டாள் என்று அம்மா சொன்னாள். பதிவு செய்யும்போதே சொல்லிவிடு. சாண்ட்விச்சை மட்டும் மாற்றினால் போதாது, அடுக்குத் தட்டின் மேல்தட்டில் வருகிற மூஸ் மாதிரி இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கலாம், மிருகத்தின் தோல், எலும்பில் எடுப்பது, அதையும் கேள். அங்கே போய் மேசையில் உட்கார்ந்து இதை ஆராய்ந்தால் அவளுக்கு வெட்கமாக இருக்கும். சின்னவனுக்கு வெள்ளரிக்காய் சாண்ட்விச் கடைவாய்க்குக்கூடக் காணாது. ரயிலேறுமுன் வீட்டில் இரண்டு தோசை கொடுத்துவிடு. பணக்காரச் சீமாட்டிக்கு மதியத்துக்கும் இரவுக்கும் நடுவில் பசித்ததால் வந்த பழக்கம்தானே இது. 1840 வாக்கில் பெட்ஃபோர்டு சீமாட்டி அறைக்கே டீயும் ரொட்டியும் வரவழைத்தாளாம். ஆலைக்காரன் வேலை விட்டு வந்து கறியோடு சாப்பிட்டதற்குப் பெயர்தான் ஹை டீ. இங்கே என்னடாவென்றால் பெரிய ஓட்டலில் ஹை டீ என்று போர்டு வைத்து ஆயிரக்கணக்கில் வாங்குகிறான்.

ஸ்கோன் வரும், சின்ன ரொட்டி மாதிரி. டெவன்காரன் முதலில் க்ரீம் தடவுவான், கார்ன்வால்காரன் முதலில் ஜாம். இதைச் சொல்லிவிட்டு நீ சும்மா இரு. பிள்ளைகள் இரண்டும் அதில் சண்டை போடட்டும். நீ தீர்ப்புச் சொல்லாதே. படிப்பு, மார்க், ஃபோன் எதையும் அந்த மேசையில் எடுக்காதே. ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று கேட்காதே.

சரி, எழுதிவிட்டேன். சின்னவன்தான் சொன்னான். நீ குளிக்கப் போயிருந்தாய், அவன் ஃபோனை எடுத்து, "அக்கா அம்மாகிட்ட பேசறதே இல்ல தாத்தா, கிறிஸ்மஸ்ல இருந்து" என்றான். அவனைத் திட்டாதே. என்ன காரணமென்று அவனுக்கும் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. நீ சொல்லவேண்டாம். ஆனால் பாப்பா, மேசையில் கேட்காதே.

டீயை மட்டும் கவனி. பை போட்டது வேண்டாம், இலை கேள். அசாம் என்றால் பால் தாங்கும். டார்ஜிலிங்கில் பால் ஊற்றாதே. லிஸ்டில் நீலகிரி இருந்தால் அதையே வாங்கு, ஜனவரிப் பனியில் பறித்த இலையாக இருந்தால் வாசமே வேறு. டீப்பாட்டுக்குள் நாலு நிமிஷம் ஊறவேண்டும். அந்த நாலு நிமிஷம் யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை, எல்லாரும் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். டீப்பாட்டைப் பெரியவள் பக்கம் வை. வடிகட்டியும் அவளிடமே இருக்கட்டும். அவள் ஊற்றட்டும்.

2018ல் அந்தக் கடையில் நான் டீப்பாட் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். ஊறிய இலை ஒன்றை ஸ்பூனில் எடுத்து விரலில் தேய்த்தேன். முப்பத்தொரு வருஷம் தேயிலை ஃபேக்டரியில் டிரையர் பக்கத்தில் நின்ற கை, கேட்காது. பெரியவளும் ஒன்றை எடுத்து என்னை மாதிரியே தேய்த்து மூக்கில் வைத்தாள். நீ குனிந்து, "அப்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்றாய். நான் கையைத் துடைத்துக்கொண்டேன். அவளும் துடைத்துக்கொண்டாள்.

உன்மேல் கோபம் இல்லை. இருந்தது. இரண்டு நாள் இருந்தது. அப்புறம் எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது.

நீ பத்தாவது படித்தபோது பொங்கல் கழிந்து உங்கள் டீச்சர் என்னைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்து, "ஆபீஸ் கிளார்க்குதானே சார் நீங்க, மக சொல்லியிருக்கா" என்றார். என் ஸ்வெட்டரெல்லாம் ஃபேக்டரித் தூள். அன்றிலிருந்து நாலு மாதம் உன்னோடு பேசவில்லை. தட்டைக்கூட அம்மா கையில்தான் கேட்டேன். பரீட்சைக்குப் போகிற அன்று நீ வாசலில் நின்றாய், நான் செருப்பைத் தேடுவது போலக் குனிந்திருந்தேன். 452 மார்க் வந்த அன்று ஃபேக்டரியில் ஷிஃப்ட் முழுக்க லட்டு கொடுத்தேன். உனக்கு ஒரு வார்த்தை இல்லை.

நீ பொய் சொன்னாய் என்றுதான் அம்மாவிடமும் சொன்னேன். ஆனால் ஆறாவது சேர்க்கும்போது அந்த விண்ணப்பத்தை நிரப்பியது நான். தகப்பன் தொழில் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்து, 'எழுத்தர்' என்று என் கையாலேயே எழுதினேன். பக்கத்தில் நின்று நீ எழுத்துக்கூட்டிப் படித்தாய். பதினொரு வயதில் நான் எழுதிக் கொடுத்ததைத்தான் பதினைந்து வயதில் திருப்பிச் சொன்னாய். அந்த நாலு மாதமும் இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பேசாமல் இருந்தேன். நீ வந்து மன்னிப்புக் கேட்டாய். நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

இதற்கு நீ பதில் எழுதவேண்டாம். இந்தக் கதையைப் பெரியவளிடம் சொல்லலாமா என்று கேட்டால், சொல்லு. என்னைத் தாழ்வாக நினைப்பாளே என்று பார்க்காதே.

மாப்பிள்ளையை வீட்டிலேயே இருக்கச் சொல். நல்ல மனிதர், ஆனால் மேசையில் ஜோக் சொல்வார்.

சனிக்கிழமை வேண்டாம், கூட்டம். வாரநாளில் மூன்று மணிக்குப் பதிவு செய். பெரியவளின் குளிர்கோட்டு போன வருஷமே கை குட்டையாக இருந்தது, பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் என் பக்கத்திலேயே இருக்கும். இங்கே எத்தனை மணி ஆனாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா

பி.கு.: வர்க்கி பார்சல் போட்டிருக்கிறேன். இரண்டு பாக்கெட். ஒன்றின்மேல் பெரியவள் பெயரை எழுதியிருக்கிறேன். அதை நீ பிரிக்காதே.