டாங்க்குக்குள் ஒரு மோட்டார்

சான் ஆண்டோனியோ,
டெக்சாஸ்

அன்புள்ள செல்வராஜ்,

உன் வாய்ஸ் மெசேஜ் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கொஞ்ச நாளைக்கு மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல்லி வை. நீ சொன்னால் அவர்கள் கேட்கப்போவதில்லை, இருந்தாலும் சொல். இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் காலேஜ் விடுதிக்குப் போய்விட்டாள், வீடு சத்தமில்லாமல் இருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பிக்கப்புக்கு ஃப்யூவல் பம்ப் மாற்றினேன் என்றதும், "பெட்ரோல் டாங்க்குக்குள்ளே கரண்ட் மோட்டாரா? எந்தப் புண்ணியவான் மாப்பிள்ளை அதை யோசிச்சது?" என்று சிரித்தாயே, அதற்கு போனில் பதில் சொல்லி முடியாது.

உங்கள் அப்பாவின் அம்பாசிடர் ஞாபகம் இருக்கிறதா? வால்பாறை மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் நின்றுவிடும். அப்பா இறங்கி பானெட்டைத் திறந்து, ஏசி பம்ப் (ஏர் கண்டிஷனர் இல்லை, பெட்ரோல் பம்ப்) மேல் ஈரத்துணியைச் சுற்றுவார். அந்தப் பம்ப் எஞ்சின் மேலேயே உட்கார்ந்து, டாங்க்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுத்தது. உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறையும், எஞ்சின் சூடும் சேரும், பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும். ஆவியை அந்தப் பம்பால் தள்ள முடியாது. கார்புரேட்டர் காலத்தில் நாலைந்து பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும் என்பதால் எப்படியோ ஓட்டினார்கள். பெட்ரோலைப் பீச்சியடிக்கும் இன்ஜெக்டர் வந்ததும் அந்த வித்தை செல்லவில்லை. என் வண்டிக்கு 55 முதல் 62 பி.எஸ்.ஐ. வேண்டும். அதனால்தான் பம்பை டாங்க்கிலேயே முக்கி வைத்து, அங்கிருந்து தள்ளச் சொல்கிறார்கள். தள்ளும் குழாயில் அழுத்தம் கூடுமே தவிரக் குறையாது, ஆவிக்கு இடமில்லை.

தீப்பிடிக்காதா என்றால், பெட்ரோல் ஆவி காற்றில் ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் எரியும். மூடிய டாங்க்குக்குள் ஆவி அதைவிட அடர்த்தி, அதனால் பற்றாது. இன்னொன்று சொன்னால் நம்பமாட்டாய்: பெட்ரோல் அந்த மோட்டாருக்கு உள்ளேயே, சுற்றும் பாகத்துக்கு கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷை உரசிக்கொண்டுதான் பாய்கிறது. மோட்டாரைக் குளிர்விப்பதும் அந்தப் பெட்ரோல்தான். டாங்க் காயக் காய பம்ப் சூடேறித் தேயும். நம் ஆட்கள் ரிசர்வில் வண்டி ஓட்டுகிற பழக்கம் இந்த வண்டிகளுக்கு ஆகாது.

என்னுடையது 2003 மாடல் செவர்லே சில்வராடோ, 5.3 லிட்டர் வி8. கொஞ்ச நாளாகவே சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், அப்புறம்தான் பிடிக்கும். மேட்டில் லோடோடு ஏறினால் திக்கித் திணறும். கடைசியில் ஒரு மத்தியானம் ஹார்ட்வேர் கடை வாசலில் படுத்துவிட்டது. ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு போன் செய்தேன். வண்டியைப் பார்க்காமலே "பம்ப் போய்விட்டது, ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும்" என்றார்கள். எனக்கு இது பிடிக்காது. பார்க்காமல் மருந்து எழுதினால் எத்தனையோ நல்ல பம்புகள் குப்பைக்குப் போகும்.

சாவியை ஆனில் வைத்தால் பின்னாலிருந்து இரண்டு வினாடி 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லை. பம்புக்கு கரண்ட் விடும் ரிலேவைக் கழற்றி, அதே மாதிரியான இன்னொன்றைப் போட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை. மனைவியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு டாங்க்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் தட்டினேன், பிடித்துவிட்டது! பிரஷ் தேய்ந்த மோட்டாரின் அடையாளம் அது. வீடு வந்து சேர்வதற்கு அவ்வளவு போதும். வீட்டில் ஃப்யூவல் ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயில், பிரஷர் கேஜை மாட்டினேன் (டயர் வால்வு மாதிரியே ஒரு வால்வு அங்கே இருக்கிறது), முள் 40-ஐத் தாண்டவில்லை. கடைசியாக பம்ப் கனெக்டரில் வோல்டேஜ். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எர்த் ஒயர் பூத்துப்போயிருந்தால் புது பம்பும் அதே மாதிரிதான் திணறும். எனக்கு கரண்ட் சரியாகவே வந்தது. அதற்குப் பிறகுதான் பம்ப் வாங்கினேன்.

டாங்க் 98 லிட்டர். கீழே இறக்கலாம், ஆனால் பெட்ரோல் இருந்தால் ஆளை அமுக்கும் கனம். அதைவிடப் பின்னால் லோடு ஏற்றும் பெட்டியைத் தூக்குவது சுலபம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, டெயில் லைட் ஒயரையும் பெட்ரோல் ஊற்றும் வாயின் ஸ்க்ரூக்களையும் எடுத்துவிட்டு, போல்ட்டுகளைக் கழற்றினேன். வடக்கே பனிக்காக ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள், அங்கே இந்த போல்ட்டுகள் துருப்பிடித்து ஒடியும். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. பக்கத்து வீட்டு மெக்சிகோக்காரரும் அவர் பையனும் ஒரு பக்கம் பிடிக்க, பெட்டியைச் சாய்த்துக் கட்டையை முட்டுக் கொடுத்தோம்.

பம்பைச் சுற்றி இருபது வருஷ மண். அதைக் காற்றடித்து ஊதாமல் திறந்தால் அத்தனையும் டாங்க்குக்குள் போய்விடும். மேலே பம்பைப் பிடித்திருக்கும் லாக் ரிங்கை இரும்பு உளியால் தட்டாதே என்று ஐ.டி.ஐ. படித்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பித்தளைதான், பொறி பறக்காது. பழைய ரப்பர் ஓரிங்கைத் திரும்பப் போடவில்லை. மோட்டாரை மட்டும் மாற்றினால் மலிவுதான். ஆனால் இந்த மாடலில் பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் சென்டரும் (sender) தேய்ந்து, ஃபுல் டாங்க்கிலேயே முள் காலி என்று காட்டும் வியாதி உண்டு. எனக்கும் இருந்தது. அதனால் முழு செட்டாக ஏசி டெல்கோ கம்பெனியுடையதையே வாங்கினேன். பெயர் தெரியாத பம்ப் பாதி விலைக்குக் கிடைக்கிறது, ஆனால் இன்னொரு தடவை அந்தப் பெட்டியைத் தூக்க எனக்குத் தெம்பில்லை. புது செட்டில் கனெக்டர் வேறு வடிவம், ஒயரை வெட்டிச் சேர்க்க வேண்டியிருந்தது. பெட்டியை இறக்குவதற்கு முன்னாலேயே சாவியை ஆன் ஆஃப் செய்து, எங்கும் கசியவில்லை என்று பார்த்துக்கொண்டேன். அரைச் சுற்றில் பிடித்தது எஞ்சின். மீட்டர் முள்ளும் உண்மை பேசுகிறது.

இப்போது உன் டாடா 407 டீசல் லாரிக்கு வருகிறேன். தினமும் காலையில் ஹேண்ட் பம்ப் அடித்து ஏர் எடுத்தால்தான் பிடிக்கிறது, மெக்கானிக் டாங்க்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்பை மாற்றச் சொல்கிறார் என்கிறாய். அவசரப்படாதே. உன்னுடையது இன்னும் உறிஞ்சுகிற ஜாதி. டாங்க்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் எங்கே லூஸாக இருந்தாலும் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். செம்பு வாஷர்களை மாற்று, ஹோஸைத் தடவிப் பார்த்து வெடிப்பு இருக்கிறதா பார். அப்புறம் ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு முழம் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப்பைச் சேர்த்துவிட்டு எஞ்சினை ஓட்டு. அதில் குமிழி ஓடினால் கோளாறு டாங்க் பக்கம், பம்ப் மேல் குற்றமில்லை. குமிழியே இல்லையென்றால் மெக்கானிக் சொல்வதைக் கேள்.

பார்த்துவிட்டு எழுது. சுதா கல்யாணத் தேதி முடிவானதும் முதல் வேலையாக எனக்குச் சொல். தை மாசம் என்றால் டிக்கெட் விலை தலைக்கு மேல் ஏறிவிடும்.

அன்புடன்,
ராஜேந்திரன்