வேலிக் காஞ்சொறி கீரை அல்ல

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுத்தோட்டப் பகுதியில் வந்த ‘நெட்டில்’ என்ற சுணையுள்ள செடியின் சூப் குறிப்பைப் படித்தேன். குறிப்பில் தப்பில்லை. உத்தரகண்டிலும் நேபாளத்திலும் அந்த இலையைக் கீரையாகவே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆனால் பக்கத்தில் நீங்கள் போட்ட படம் நம் ஊர் வேலிகளில் படரும் காஞ்சொறி. செந்தட்டி என்றும் சொல்வார்கள். அது ஆமணக்குக் குடும்பம். நெட்டில் வேறு குடும்பம். பட்டால் இரண்டும் எரியும், உறவு அத்தோடு சரி. படத்தை நம்பிப் பறித்து உலையில் போட்டால், வேலியில் போகிற ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

காஞ்சொறி எதையாவது சுற்றிக்கொண்டு ஏறும் கொடி. இலைகள் மாறி மாறி வரும், காய் மூன்று பிளவாகச் சொரசொரப்பாக இருக்கும். நெட்டில் நிமிர்ந்து நிற்கும் செடி; இலைகள் எதிரெதிராக ஜோடியாக வரும்.

சமவெளி வெயில் நெட்டிலுக்கு ஆகாது. மலையில் இருப்பவர்கள் வளர்க்கலாம், ஆனால் தொட்டியில் மட்டும். தரையில் விட்டால் வேர்த்தண்டு ஓடித் தோட்டத்தையே பிடித்துக்கொள்ளும். தொழு உரம் போட்டால் செழிக்கும். பூ வருவதற்கு முன், தளிர் நுனியை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி, இடுக்கியால் எடுக்க வேண்டும். கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் வேகவிட்டால் சுணை அடங்கிவிடும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் சாப்பிடக் கூடாது. இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே இலையில் அதிகம்.

மெல்லிய துணிக் கையுறையை நம்ப வேண்டாம். எங்கள் பக்கம் சோலை ஓரத்தில் ஆள் உயரம் வளரும் இன்னொரு நெட்டில் வகையின் சுணை, துணியைத் துளைத்தே இறங்கும். சுணை என்கிற அந்த மயிர் உள்ளே பொள்ளல். நுனி ஒடிந்ததும் ஹிஸ்டமின் என்ற அரிப்பூட்டும் பொருள் கலந்த திரவம் தோலுக்குள் போய்விடும். அதனால் பட்ட இடத்தைத் தேய்க்கவோ சொறியவோ கூடாது. செல்லோடேப்பை ஒட்டி உரித்தால் மயிர் வந்துவிடும், பிறகு சோப்புப் போட்டுக் கழுவலாம். சுண்ணாம்பு தடவுவது புண்ணில்தான் முடியும். உதடு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

அதற்காகக் காஞ்சொறியைக் கண்ட இடத்தில் மருந்தடித்துக் கருக்கவும் வேண்டாம். ஆமணக்கில் வளரும் பட்டாம்பூச்சிப் புழுக்கள் அதையும் தின்றுதான் வளர்கின்றன. பிள்ளைகள் நடமாடாத மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த இதழில் இரண்டு செடிகளின் படத்தையும் பெயரோடு பக்கத்துப் பக்கத்தில் வெளியிடுங்கள். கறுப்பு வெள்ளையில் போட்டால் பிரயோஜனமில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குன்னூர்