கோழிகளை அப்புறப்படுத்தச் சொல்லும் சங்கத்துக்கு ஒரு மடல்

கொளத்தூரில் எங்கள் நகரின் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

"வீட்டில் வளர்க்கும் கோழிகளைப் பதினைந்து நாளுக்குள் அப்புறப்படுத்த வேண்டும்" என்று சங்கப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். என் வீட்டுக் கோழிகள் செத்ததை வைத்து வந்த அறிவிப்பு அது. அதனால் நானே பதில் எழுதுகிறேன்.

என்னிடம் பதினொரு நாட்டுக்கோழிகள் இருந்தன. ஒரு வியாழக்கிழமை காலையில் கூட்டைத் திறந்தபோது கறுப்புப் பெட்டை மட்டும் இறங்கி வரவில்லை. சிறகைத் தொங்கவிட்டுக் கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தது. அரிசியைத் தொடவில்லை. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராய்ப் போனது. வெயில்தான் என்று நினைத்துவிட்டேன். எதிர்வீட்டு அக்கா சொன்னபடி சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருண்டை பிடித்துக் கொடுத்தேன். மறுநாள் இன்னும் மூன்று படுத்துவிட்டன. ஒன்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டு தலை முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது; அதைப் பார்த்துவிட்டு என் மகள் அன்று சாப்பிடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏழு போய்விட்டன.

செத்ததில் ஒன்றை இரண்டு பைக்குள் கட்டி, ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். (ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள். உறைந்துபோனால் உள்ளுறுப்புகளைச் சரியாகப் பார்க்க முடியாது.) அறுத்துப் பார்த்ததில் இரைப்பையின் உட்சுவரில் ரத்தப் புள்ளிகள் இருந்தன. பறவைக் காய்ச்சலும் இதே மாதிரி தெரியலாம், பரிசோதனை செய்தால்தான் உறுதியாகும் என்று சொல்லி மாதிரியும் எடுத்து அனுப்பினார். வந்த முடிவு வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய். அது வைரஸ்; வந்த பிறகு குணமாக்க மருந்து கிடையாது. என் உருண்டையும் அதனால்தான் பலிக்கவில்லை.

நோயை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான்தான். சந்தையில் வாங்கிய இரண்டு விடைக்கோழிகளை அன்றைக்கே மற்றவற்றோடு விட்டேன். மூன்று வாரமாவது தனியே அடைத்து வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் அறிவிப்புக்கு வருகிறேன். எங்கள் தெருக்களில் ஒன்பது வீட்டில் கோழி இருக்கிறது. நாளைக்கு அதில் ஒரு வீட்டில் ஒரு கோழி செத்தால், இந்த அறிவிப்பைப் படித்தவர் என்ன செய்வார்? வாயைத் திறக்க மாட்டார். செத்ததை ராத்திரியோடு ராத்திரியாகக் குப்பைத் தொட்டியிலோ மழைநீர்க் கால்வாயிலோ போடுவார். நாயும் காக்கையும் அதை இழுத்துக்கொண்டு நாலு தெரு போகும். மிச்சம் இருக்கிறதைச் சாவதற்குள் அறுத்துக் குழம்பு வைப்பார், இல்லையென்றால் அவசரமாக விற்றுவிடுவார். வெள்ளைக்கழிச்சலால் மனிதருக்குப் பெரும்பாலும் கண் சிவந்து உறுத்துவதோடு சரி. ஆனால் அடுத்த முறை பறவைக் காய்ச்சலாக இருந்தால், நோய்க்கோழியைப் பிடித்து அறுத்து இறகு பறிக்கும் கைதான் முதலில் ஆபத்தில் மாட்டும். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

கால்நடை நோய்த் தடுப்புக்கென்று 2009-இல் வந்த மத்தியச் சட்டத்தின் பட்டியலில் இந்த இரண்டு நோய்களும் இருக்கின்றன. தெரிந்தால் தெரிவிப்பது வளர்ப்பவரின் கடமை. பலகையில் அதை எழுதுங்கள். கோழி திடீரென்று செத்தால் வெறுங்கையால் தொடக் கூடாது, மற்றதை வெளியே விடக் கூடாது, விற்கக் கூடாது, அன்றே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள். புதைப்பதற்கும் ஓர் இடம் காட்டுங்கள். ஆழமாகத் தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடச் சொல்கிறார்கள். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் இரண்டடி தோண்டினாலே தண்ணீர் ஊறுகிறது.

தடுப்பூசிதான் முக்கியம். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி. செலவு பெரிதில்லை. சிக்கல் குப்பியில் இருக்கிறது: கடையில் கிடைப்பது பெரும்பாலும் நூறு கோழிக்கான மருந்து. குளிர் குறையாமல் கொண்டுவர வேண்டும், கரைத்துவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பதினொரு கோழிக்காக அதை உடைக்க எனக்கு மனம் வரவில்லை, தள்ளிப்போட்டேன். ஒன்பது வீட்டுக் கோழிகளையும் எண்ணிப் பார்த்தேன். எண்பதுக்குப் பக்கம் வருகிறது. ஒரே காலையில், ஒரே குப்பியில் முடிந்துவிடும். பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். எங்கள் நகருக்கும் வரச் சொல்லிச் சங்கத்தின் முத்திரையோடு கடிதம் கொடுத்தால் மதிப்பு இருக்கும். தனி ஆளாக நான் கேட்பதற்கும் அதற்கும் வித்தியாசம் உண்டு.

சத்தம், நாற்றம் பற்றிய புகார்களை நான் மறுக்கவில்லை. விடியுமுன் கூவும் சேவலை, மருத்துவர் சரி என்று சொன்னதும் ஊருக்கு அனுப்பிவிடுகிறேன். கூட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. மிஞ்சிய நான்கையும் அடைத்தே வைத்திருக்கிறேன். அங்கே போக மட்டும் தனிச் செருப்பு வைத்திருக்கிறேன். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை புதுக்கோழி வாங்க மாட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். ஒன்பது வீட்டுப் பட்டியலோடு வருகிறேன். அதுவரை பலகையில் இருக்கும் தாளை எடுத்துவிடுங்கள். நேற்றே ஒரு வீட்டில் மூடிய கூடையோடு ஆட்டோ ஏறினார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்படிக்கு,
மூன்றாம் குறுக்குத் தெரு, முருங்கைமரத்து வீட்டிலிருந்து