கதண்டு கடிக்கு அட்ரினலின் ஊசி எந்நேரமும் கிடைக்க வழி செய்யக் கோரி மனு

அனுப்புநர்:
தென்னை மரம் ஏறும் தொழிலாளர்கள் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
தஞ்சாவூர்.

பொருள்: ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவிலும் அட்ரினலின் ஊசி கிடைக்கச் செய்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மரம் ஏறுபவர்களுக்கும், நூறு நாள் வேலையில் புதர் வெட்டும் பெண்களுக்கும் கதண்டு என்னும் பெரிய விஷக் குளவியின் கடி புதிதல்ல. பெரும்பாலும் வீக்கம், கடுப்போடு போய்விடும். சிலருக்கு மட்டும் கடும் ஒவ்வாமையால் சில நிமிடங்களிலேயே உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இரைத்து, பிரஷர் மளமளவென்று இறங்கி ஆளே சரிந்துவிடுகிறார்.

அப்படிச் சரிந்த ஒருவரைப் பொழுது சாய்ந்த நேரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் சென்றோம். எந்த நிலையம் என்று சொல்லி யாரையும் மாட்டிவிடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. அவில், டெக்ஸா என்ற ஒவ்வாமை ஊசிகளை உடனே போட்டார்கள், சலைனும் ஏற்றினார்கள். அட்ரினலின் மட்டும் பூட்டிய அலமாரியில். சாவி மருந்தாளுநரோடு வீட்டுக்குப் போயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரி போன பிறகுதான் அந்த ஊசி போட்டார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

அவில் அரிப்பைத்தான் தணிக்கும். டெக்ஸா வேலை செய்ய மணிக்கணக்காகும். தளர்ந்துபோன ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிரஷரைத் தூக்குவதும், மூச்சுக்குழாயைத் திறப்பதும் அட்ரினலின்தான். பெரியவர்களுக்கு 0.5 மி.கி., அதாவது 1 மி.லி. ஆம்பூலில் (சிறு கண்ணாடி மருந்துக் குப்பியில்) பாதி, தொடையின் வெளிப்பக்கச் சதையில் போட வேண்டும். கேட்கவில்லை என்றால் 5 நிமிடத்தில் மறுபடியும். தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் இரவுப் பணியில் தனியாக இருக்கும் செவிலியர், டாக்டர் போனை எடுக்கும்வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன செய்வது? எழுத்தில் உத்தரவு இல்லாமல் எந்தத் தைரியத்தில் போடுவார்?

தடுப்பூசி முகாம்களில் ஒவ்வாமை வந்தால் சமாளிக்க அட்ரினலினும் சிரிஞ்சும் ஒரே பெட்டியில் தயாராக இருக்கின்றன. முதல் ஊசியைப் போடப் பயிற்சி பெற்ற கிராம சுகாதாரச் செவிலியருக்கே அனுமதி உண்டு. கதண்டு கடிக்கும் அதே மருந்து, அதே அளவுதான்.

ஆகவே, அதே போன்ற பெட்டி ஒன்றை ஊசி போடும் அறையிலேயே பூட்டாமல் வைக்கவும், டாக்டர் வரும்வரை காத்திராமல் முதல் ஊசியைப் பணியிலிருக்கும் செவிலியரே போட எழுத்துப்பூர்வமாக உத்தரவிடவும் வேண்டுகிறோம். வெளிச்சமும் வெயிலும் பட்டால் இம்மருந்து கெட்டுப் பழுப்பேறும் என்பதால், ஆம்பூல்களை மாதம் ஒருமுறை பார்த்து மாற்றச் சொல்லுங்கள். ஊசி போட்டுத் தேறியவரையும் சில மணி நேரம் படுக்க வைத்துக் கவனிக்க வேண்டும். அடங்கிய ஒவ்வாமை மறுபடி கிளம்புவதுண்டு.

தென்னையில் காய் பறிப்பு வருடம் முழுக்க நடப்பதால், விரைந்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மரம் ஏறும் தொழிலாளர்கள் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்