பச்சைக்கு ஜோடி பச்சைதான்

ஐயா,

அல்சூரில் எங்கள் குடியிருப்பில் இணையக் கேபிள் இழுத்த தம்பி, எட்டுக் கம்பிகளையும் நிறம் பார்த்து ஜோடி ஜோடியாக அடுக்கி, இரு முனையிலும் பிளக்கில் கிரிம்ப் பண்ணி (அழுத்திப் பொருத்தி) விட்டார். கேபிள் சோதிக்கும் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்தன. "பாருங்க சார், எல்லாம் ஓகே" என்றார். வீடியோவோ திக்கித் திணறியது.

முப்பது வருடம் தொலைபேசி லைன் பார்த்தவன் நான். கண்ணாடி போட்டுக்கொண்டு பிளக்கைப் பார்த்தால், அதன் எட்டு இடங்களில் வெள்ளை-பச்சை 3-இல், அதன் ஜோடியான பச்சை 4-இல் இருக்கிறது! பிளக்கில் 3-ஆம் இடத்துக்கு ஜோடி 6-ஆம் இடம் அல்லவா? சிக்னல் ஜோடியின் இரண்டு கம்பியிலும் நேரெதிர் மின்னழுத்தமாகப் போகும். சேர்ந்து முறுக்கியிருந்தால் வெளி இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் அந்த இரைச்சல் போய்விடும். ஜோடி பிரிந்தால் பக்கத்துக் கம்பியின் பேச்செல்லாம் உள்ளே வந்துவிடும். அந்தச் சின்ன டெஸ்டருக்கு இது தெரியாது, கம்பி அறுந்திருந்தாலோ இரு முனையிலும் வரிசை மாறியிருந்தாலோதான் சொல்லும். முனையில் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கவும் கூடாது.

அப்புறம் இரண்டு பிளக் வாங்கி நானே மாற்றினேன், பத்து நிமிடம்.

- ஓய்வுபெற்ற லைன்மேன், பெங்களூரு